அம்மாவின் இருமலை நான் மொழிபெயர்த்த விதம்

என் பிள்ளை,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்து நீ அந்தச் செய்தியைச் சொன்னாய். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊருக்குக் குடும்ப டொக்டராகப் போகப்போகிறாய் என்று. ஒரு துறைமுகம், ஒரு மீன் தொழிற்சாலை, அவ்வளவுதான் அந்த ஊர். அங்கே இருந்த டொக்டர் ஓய்வுபெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை, வயது போன சனமும் தொழிற்சாலையில் வேலை செய்கிற வெளிநாட்டுச் சனமும் ஒரு தடிமன் காய்ச்சலுக்குக்கூடப் பஸ் ஏறி அடுத்த பட்டணத்துக்குப் போகினம் என்றாய். நான் கரண்டியை வைத்துவிட்டு, "விசர்க் கதை கதைக்காதை. இவ்வளவு படிச்சது அந்தக் காத்தடிக்கிற ஊரிலை போய் இருக்கவோ?" என்று கேட்டேன். வழக்கமாகக் கோபம் வந்தால் நீ டெனிஷ் பாஷைக்கு மாறிவிடுவாய். அன்றைக்கு மாறவில்லை. "அப்பா, அங்கை இருக்கிற சனத்துக்குத் தங்கடை நோய் வருத்தத்தைச் சொல்ல ஒரு ஆள் இல்லை," என்று தமிழிலேயே சொன்னாய். அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வை எதற்கென்று உனக்கு விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. நீ வெளிக்கிட்டுப் போனபின் மூன்று நாள் யோசித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும். விளங்காத இடங்களை அம்மாவிடம் கேள். அவவுக்கு இதெல்லாம் தெரியும். உனக்குத்தான் இன்றுவரை சொல்லாமல் இருந்திருக்கிறா.

நான் எண்பத்தாறில் இந்த நாட்டுக்கு வந்தபோது உனக்கு இரண்டு வயது. அகதி முகாமில் எட்டு மாதம் இருந்தபின் ஹோர்சன்ஸில் பன்றி இறைச்சி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விசாவும் கிடைத்தது. அந்தக் கிழமையே உன்னையும் அம்மாவையும் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். சட்டப்படி எனக்கு அந்த உரிமை இருக்கிறது, சில மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் உனக்கு ஒரு கட்டில் வாங்கி வைத்தேன். சில மாதம் போய் ஒரு வருசமானது, பிறகு இன்னொரு வருசம். கேட்டு எழுதுகிற ஒவ்வொரு தடவையும் "உங்கள் விண்ணப்பம் பார்வையில் இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் வரும். அங்கே மன்னாரில் நீங்கள் இரண்டு பேரும் வீட்டை விட்டு ஓடி, கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்த செய்தி எனக்கு இரண்டு மாதம் பிந்தி வந்தது. நான் வாங்கிய கட்டில் உனக்குக் காணாத அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய் என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகுதான் விசயம் வெளியில் வந்தது. எங்கள் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தார்கள். பின்னாளில் அதை விசாரித்து, அதனால் ஒரு அரசாங்கமே பதவி விலகியது. நீ படித்த பள்ளிப் புத்தகத்தில் 'தமிழர் வழக்கு' என்று அரைப் பக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் அது மூன்று வருசம்.

அந்த மூன்று வருசத்தில் எனக்குள் ஒரு எண்ணம் ஊறிப்போனது. இந்த நாட்டில் எழுதப்படுகிற எல்லாத் தாளும் கடைசியில் ஒரே மேசை லாச்சிக்குத்தான் போகிறது, அந்த லாச்சியைத் திறந்து பார்க்கிறவன் எங்களை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு எடுக்கிறான், ஆனபடியால் தாளில் எதையும் எழுத விடக்கூடாது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. காத்திருந்து காத்திருந்து நானாகப் படித்துக்கொண்டது.

நீங்கள் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று நீ அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாமா ஆர்?" என்று கேட்டாய். அது உனக்கு ஞாபகம் இருக்காது. அம்மா சிரித்தா. சிரிப்போடு ஒரு இருமலும் வந்தது. ஊர்ப் புழுதி, பயணக் களை என்று நினைத்தேன். இரண்டு மாதமாகியும் அந்த இருமல் விடவில்லை. பின்னேரமானால் காய்ச்சலில் மேல் காய்ந்தது, இரவில் வேர்த்தது. கலியாணத்துக்குத் தைத்த சட்டை அவவின் தோளில் இருந்து வழுகி விழுந்தது. எனக்கு முதல் மாதமே விளங்கிவிட்டது, பிள்ளை. என் சின்னையா கசத்தில்தான் செத்தவர். நீங்கள் டொக்டர்மார் காசநோய் என்று சொல்வீர்கள், நாங்கள் கசம் என்போம். அந்த இருமலின் சத்தம் சின்ன வயதிலிருந்தே என் காதில் இருந்தது.

அந்த நாட்களில் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது ஒருவர் சொன்னார், "பாத்துக்கொள், வருத்தக்காரர் எண்டு தெரிஞ்சால் குடும்பத்தோடை திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." அவருக்கு அதை யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. உடனே நம்பினேன். மூன்று வருசம் காத்து எடுத்த மனுசியையும் பிள்ளையையும் ஒரு இருமலுக்காகப் பறிகொடுப்பதா என்று மட்டும்தான் யோசித்தேன்.

அம்மாவின் பெயரும் டொக்டரின் பெயரும் அடித்த மஞ்சள் வைத்திய அட்டை வந்தவுடனே டொக்டரிடம் போகவேண்டும் என்று அவ பிடிவாதமாக நின்றா. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். டொக்டர் உயரமான, வயதான மனுசன், ஆறுதலாகக் கதைக்கிறவர். அம்மா கதிரை நுனியில் இருந்துகொண்டு ஒன்றும் விடாமல் சொன்னா. இருமல் எப்போது தொடங்கினது, காய்ச்சல் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு மெலிந்துபோனா, கோயில் மண்டபத்தில் பக்கத்தில் படுத்த கிழவிக்கும் இதே இருமல் இருந்தது என்றெல்லாம். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். "அவவுக்குக் குளிர் பழக்கமில்லை, தடிமன்," என்றேன் நான். அவர் இருமல் பாணி எழுதித் தந்தார். மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் போனோம். அம்மா இன்னும் கனக்கச் சொன்னா. நான் இன்னும் சுருக்கிச் சொன்னேன். வெளியே வந்ததும் அவ நின்று, "நான் இவ்வளவு சொன்னனான், நீங்கள் ரெண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டியள்?" என்று கேட்டா. "டெனிஷ் அப்பிடித்தான், சின்னப் பாஷை," என்றேன். அவ நம்பினா. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை மூச்சு வாங்கினா. நான் அவவை நம்பவைத்ததைப் போல ஒரு கேவலம் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

மூன்றாவது தடவை போனபோது டொக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுதல் அவ கைப்பையைத் திறந்து, இருமும்போது வாய் துடைத்து மடித்து வைத்திருந்த ஒரு லேஞ்சியை எடுத்து மேசையில் விரித்து வைத்தா. அதில் இரத்தம். காய்ந்ததும் இருந்தது, அன்று காலமை வந்ததும் இருந்தது. மொழி தெரியாத மனுசி எனக்கும் டொக்டருக்கும் நடுவில் அதை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தா. டொக்டர் அந்த லேஞ்சியைப் பார்த்தார், அவவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்கள் மனைவி இருமலைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி முன்பே என்னிடம் சொன்னாரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். எத்தனை தடவை என்று கேட்டார். எல்லாத் தடவையும் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்னேன். விண்ணப்பம் கிடந்த மூன்று வருசத்தையும், கோயில் வாசலில் கேட்டதையும், அவர் எழுதுகிறது எங்கே போகும் என்று எனக்குப் பயம் என்பதையும் என் அரைகுறை டெனிஷில் சொன்னேன். அவர் எழுந்து போய் இரும்பு அலுமாரியைத் திறந்து தான் எழுதின குறிப்பெல்லாம் இருக்கிற, அம்மாவின் பெயர் எழுதிய கடித உறையை எடுத்துக் காட்டினார். திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார். "இதன் திறப்பு என்னிடமும் என் தாதியிடமும்தான் இருக்கிறது. அமைச்சரே வந்து நின்று கேட்டாலும் நான் தரமாட்டேன். உங்கள் மனைவி இந்த அறையில் ஒரு நோயாளி. அவருக்கு இங்கே வேறு பெயர் கிடையாது. நோயாளியை இந்த நாட்டிலிருந்து யாரும் இதற்காக அனுப்பப் போவதில்லை, நோயை மாற்றித்தான் விடுவோம்," என்றார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டாக்ஸியில் வைத்து அம்மா, "அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டா. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்றையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். நான் செய்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவ கைப்பையை மடியில் வைத்துப் பூட்டினா. பிறகு, "உங்களுக்குப் பயம் எண்டு எனக்கு விளங்குது. ஆனால் பயம் உங்கடை, நெஞ்சு என்ரை. இனி எனக்காக நீங்கள் கதைக்க வேண்டாம்," என்றா. அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எந்த டொக்டரின் அறைக்குள்ளும் அவ என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அப்பா ஏன் எப்போதும் வெளியே இருந்து பேப்பர் பார்க்கிறார் என்று நீ சின்னனில் கேட்பாய். இதுதான் காரணம்.

அவ ஆஸ்பத்திரியில் இருந்த கிழமைகளில் உன்னையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். உன் கையில் ஊசி போட்ட இடம் பெரிதாகத் தடித்துச் சிவந்தது. அந்தக் கிருமி உன் உடம்புக்குள்ளும் வந்து உறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். உனக்கும் மாதக்கணக்கில் குளிசை தரவேண்டியிருந்தது. கசக்கிறதென்று நீ துப்புவாய், நான் அதைப் பொடியாக்கி ஜாமில் குழைத்துத் தருவேன். "இது என்னத்துக்கு அப்பா?" என்று நீ கேட்டபோதெல்லாம், வளர்கிறதுக்கு என்று சொன்னேன். அதுவும் பொய். முதல் தடவை போனபோதே நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவ்வளவு நாள் நீ அந்த இருமலுக்குப் பக்கத்தில் படுத்திருக்க மாட்டாய். நீ வெள்ளை மேலங்கி போட்டு முதன்முதல் எடுத்த படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. அதைப் பார்த்துப் பெருமைப்படுகிற ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தத் தடித்த கையும் ஞாபகம் வரும். நீ என்னை மன்னிக்கவேண்டும், பிள்ளை.

ஆஸ்பத்திரிக்காரர் சில்க்போர்க்கில் இருந்து செல்வி என்று ஒரு தமிழ்ப் பெண்ணை மொழிபெயர்ப்புக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் வருவா. அவ அம்மாவின் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "அக்கா, நீங்கள் சொல்லுறதிலை நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். என்னைப் பாக்காமல் டொக்டரைப் பாத்துக் கதையுங்கோ," என்று சொன்னாவாம். அம்மா அதை எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னா. டொக்டரைப் பார்த்துக் கதைத்ததும் தான் திரும்பவும் ஒரு முழு ஆளாகிவிட்டது போல இருந்தது என்றா. நீ போகிற ஊரில் மனுசிக்காகப் புருசன் கதைப்பான், தாய்க்காக மகன் கதைப்பான். அந்த ஆளை வெறுக்காதே. அவன் கெட்டவனாக இருக்கவேண்டும் என்றில்லை, என்னைப் போலப் பயந்தவனாக இருக்கலாம். ஆனால் அவனை மெதுவாக வெளியே இருத்திவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேள்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது சனம் எங்களிடம் வருவதை நிறுத்தியிருந்தது. பூசைக்குப் போனால் நாங்கள் இருக்கிற வாங்கில் பக்கத்து இடம் வெறுமையாக இருக்கும். அவவிடமிருந்து இனி ஒருவருக்கும் தொற்றாது என்று டொக்டர் எழுதியே கொடுத்திருந்தார், ஆனால் அதை யார் கேட்டார்கள்? மாதத்துக்கு ஒருக்கால் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடிப்போம். அப்படி ஒரு நாள் அம்மா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றா. மன்னாரில் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத மனுசி. "எனக்குக் கசம் வந்தது," என்றா. "நீங்கள் மறைவிலை கதைக்கிறதை நான் வெளியிலை சொல்லுறன். மருந்து குடிக்கிறன், மாறுது. ஒருத்தரும் என்னை எங்கையும் அனுப்பேல்லை. உங்களிலை ஆருக்கு இருமல் விடாமல் இருக்கோ, அவை வியாழக்கிழமை என்னோடை வாங்கோ. நான் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்." சொல்லிவிட்டு இருந்தா. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில்தான் குனிந்தேன், ஆனால் நிமிரும்போது எனக்கு வெட்கம் இருக்கவில்லை. இந்த மனுசியின் புருசன் நான் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று இருந்தது.

அந்த வியாழக்கிழமை ஒரே ஒரு ஆள்தான் வந்தான். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கேக் கொண்டு வருகிற உன் அன்ரன் மாமா. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இன்னும் இரண்டு பேரோடு இருந்தான். ஐந்து மாதமாக இரத்தம் துப்பிக்கொண்டிருந்திருக்கிறான், அதே பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா அவனை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. அவன் வருத்தம் மாறி எழும்பி நடந்ததைச் சனம் பார்த்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் கசம் இல்லை. ஒருத்திக்குப் பிள்ளை தங்கவில்லை, ஒருத்திக்கு ஊரில் பட்ட அடியில் முதுகு நிமிர்த்த முடியாது, ஒருவருக்கு நித்திரையே இல்லை. எல்லோரும் மஞ்சள் அட்டை வைத்திருந்தார்கள். அட்டை கையில் இருந்தும் வாய் இல்லாமல் இருந்தார்கள்.

செல்வியாலும் ஒவ்வொரு தடவையும் சில்க்போர்க்கில் இருந்து வரமுடியவில்லை. டொக்டரும் அம்மாவும் சேர்ந்து கொம்யூன் என்கிற நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வியாழக்கிழமை பின்னேரங்களில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அதுவும் பெண்களுக்குப் பெண் வேண்டும் என்று. ஒரு அதிகாரி கூப்பிட்டார். அங்கே அம்மா என்னையும் வரச்சொன்னா, ஆனால் வாய் திறக்கக்கூடாது என்றா. அவ பாஷைப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதிகாரி மரியாதையான மனுசன், ஆனால் அவருக்கு விளங்கவில்லை. புருசன்மார்தான் முதலில் வந்தவர்கள், அவர்களுக்கு டெனிஷ் தெரியுமே, அவர்கள் சொன்னால் போதாதா என்று கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து டெனிஷில், "இவர் நல்ல மனிதர். ஆனால் எனக்கு வாய் இருக்கிறது," என்றா. இலக்கணம் பிழை. அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். அடுத்த மாதம் மொழிபெயர்ப்பாளர் வந்தா. இரண்டு வருசம் கழித்து அந்தக் கதிரையில் அம்மாவே இருந்தா. பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, வியாழக்கிழமை பின்னேரம் டொக்டரின் அறையில். காத்திருக்கிற இடத்துச் சுவரில் அவ தன் கையால் தமிழில் எழுதி ஒட்டிய தாளை நீ பார்த்திருப்பாய்: 'உங்களுக்காகக் கதைக்க ஆள் கேட்கலாம். நீங்கள் சொல்வது இந்த அறையை விட்டு வெளியே போகாது.' இரண்டாவது வரி எனக்காக எழுதியதா என்று நான் அவவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை.

நீ டொக்டராக வந்ததற்கு உன் கெட்டித்தனம்தான் காரணம் என்று நான் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சொல்லித் திரிந்தேன். அது அரைவாசி உண்மை. பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோபித்தது அந்த ஆசைதான்.

நேற்று உனக்குச் சொல்லாமல் நானும் அம்மாவும் அந்த ஊருக்குப் போய் வந்தோம். இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும். நீ சொன்ன கட்டடத்தைக் கண்டுபிடித்தோம். கதவு பூட்டி, கண்ணாடியில் அடுத்த பட்டணத்துக்குப் போகச்சொல்லி ஒரு அறிவித்தல். காற்று ஆளைத் தள்ளியது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எதிரில் இருந்த பாண் பேக்கரிக்குள் போய்க் கோப்பி வாங்கினோம். அங்கே ஊன்றுகோலோடு இருந்த ஒரு டெனிஷ் கிழவி எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டா. நாற்பது வருசமாக மீன் வெட்டின கை, விரல் எல்லாம் கோணிப்போயிருந்தது. நான் வாய் திறக்கத் தயங்கினேன். அம்மா கோப்பியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தா, வேண்டுமென்றுதான். கடைசியில் நான், "புது டொக்டர் வரப்போகிறார். நான் அவளுடைய தகப்பன்," என்றேன்.

கிழவி ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு என் கையைப் பிடித்தா. பஸ்ஸில் போய் வர ஒரு முழு நாள் எடுக்கிறது, போகிற ஒவ்வொரு தடவையும் வேறொரு டொக்டர், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லவேண்டும், சொல்லிக் களைத்துப் போய் இப்போது போவதையே விட்டுவிட்டேன் என்றா. பிறகு, "வருகிறவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள். உங்கள் மகள் நிற்பாளா?" என்று கேட்டா.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. ஒருவரிடமும் கேட்கவும் இல்லை. "நிற்பாள்," என்றேன்.

அப்பா